ஆறு விதிகளும் ஒரு புகாரும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். மூட்டுவலி எங்களைவிட நலம். உங்கள் குடியிருப்பிலும் ஆண்டு விழா வைக்கப்போவதாகச் சொல்லி, "சேர்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிறதுக்கு எதுக்கு அண்ணா சட்டமெல்லாம்?" என்று போனில் கேட்டாய். போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது. ஆகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்:

1. நடத்தை விதிகள் ஏன் தேவைப்பட்டன.
2. சென்ற ஆண்டுச் சங்கடத்துக்கு யார் காரணம் (எலக்ட்ரீஷியன்).
3. விதிகளை எழுதி நான் பட்ட பாடு.
4. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

முதல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிரித்தால் குழப்பிவிடுவேனோ என்று பயம். எங்கள் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். சென்ற ஆண்டு விழாவில் மைக் பிடித்த எலக்ட்ரீஷியன், "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டார். அந்த அம்மா முதல் வார்த்தையிலேயே நின்றுவிட, இவர் அதேபோலத் திக்கிப் பேசிக்காட்டினார். கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த அம்மா எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை, உன் அண்ணியிடம்கூடத் தலையாட்டலோடு சரி. "இந்த வருஷமும் அவங்க வரலைன்னா நானும் வரமாட்டேன், நீங்க தனியா போய்க்கோங்க" என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

ஆகவே விதி எழுத உட்கார்ந்தேன். நூலகத்தில் நாற்பது வருடம் பட்டியல் எழுதிய கை. இருபத்துமூன்றாவது விதியில்தான் நின்றது. உன் அண்ணி கண்ணாடி போட்டுப் படித்து, "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும்" என்று ஆறாகக் குறைத்தாள். கேட்காமல் யாரையும் மேடைக்கு இழுக்கக்கூடாது. யாருடைய உடலையும் பேச்சையும் கேலி செய்யக்கூடாது. புகார் சொன்னால் எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும், இந்த மாதிரி. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். மருந்துக்கடைக்காரர் எழுந்து, "கொட்டாவி விடலாமா சார், அதுக்கும் விதி இருக்கா?" என்றார். எலக்ட்ரீஷியன் விதித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எப்படியோ நிறைவேறியது. புகார் வாங்க யாரும் முன்வராததால், அதற்கான பச்சைப் பட்டையை என் கையில் கட்டிவிட்டார்கள்.

விழாவன்று நோட்டும் பட்டையுமாகத் தூணோரம் நின்றேன். பட்டையைப் பார்த்து நம்பி வந்தவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் கழிப்பறை எங்கே என்றார்கள், இரண்டு பேர் தண்ணீர் கேட்டார்கள். உன் அண்ணி கடைக்கே போய் ஆறு விதிகளையும் வாசித்துக் காட்டியதில், தையல்காரம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியன் மைக்கோடு நேராக அந்த வரிசைக்குத்தான் நடந்தார். தடுக்க வேண்டியவன் நான். கையைத் தூக்கினேன், விதித்தாளை உயர்த்திக் காட்டினேன், அதுவும் தலைகீழாக. அவர் நின்று பார்த்தார். "தெரியும் சார், கையை இறக்குங்க, தோள்பட்டை பிடிச்சிக்கப்போகுது" என்றார். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, "பேசறீங்களாக்கா?" என்று கேட்டார்.

"வே... வேண்டாம்ப்பா."

"சரிக்கா."

அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் தம்பி. இதற்கா எட்டு நாள் தூங்காமல் புரண்டேன் என்று அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் நோய்நொடியின்றி, முடிந்தவரை ஒழுங்காக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். விதிப்படி ஒரு புகார் எழுதிக்கொள்ளச் சொன்னார். நோட்டைத் திறந்தேன்.

"போன வருஷம் அவர் பேசிக்காட்டினப்ப முதல்ல யாரும் சிரிக்கலை சார். ஒரே ஒரு ஆள் சிரிச்சாங்க. அப்புறம்தான் எல்லாரும்."

"யாரும்மா அது?"

"நீ... நீங்கதான் சார்."

பதற்றம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும் என்பது உனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. எழுதினேன். "படிச்சுக் காட்டுங்க" என்றார். என் பெயரோடு படித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். "இதை யார்கிட்ட சொல்றதுன்னுதான் ஒரு வருஷமா தெரியலை சார்" என்றார். இப்போது சமையலறையில் உன் அண்ணியோடு முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நெஞ்சு லேசாக இருக்கிறது.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை அடித்துவிட்டு என்னைப் போட்டுக்கொள்.