முழுமை ஐயாவும் இருபத்தேழாம் பெட்டியும்

ஜெலாப்பாங் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் முழுமை ஐயா அவதரித்து ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமை என்றால் தூரத்து ஆயர் தாவாரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். கீழே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்பவர் இரண்டாவது மேசை போட்டுவிட்டார். ஐயாவால் நிச்சயமாகப் பலனடைந்தவர் அவர் ஒருவர்தான்.

"டாக்டர் உன்னத் துண்டு துண்டாப் பாக்குறான். கண்ணுக்கு ஒருத்தன், காதுக்கு ஒருத்தன். நான் முழுசாப் பாக்குறேன்!" என்பார் ஐயா.

பாதி நியாயம்தான். மனம் நொந்தால் வயிறும் கெடுகிறது. வியாபாரம் மீதிப் பாதியில் இருக்கிறது.

படியடியில் செருப்பைக் கழற்ற வேண்டும். களவு போகாமலிருக்க உதவியாளர் அதை எண் போட்ட பெட்டியில் வைத்து, அதே எண்ணில் அட்டை தருவார். மேலே கூட்டத்தின் நடுவே, எண்ணைக் கூப்பிட்டதும் போய் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஐயாவும் கண் திறக்க மாட்டார். கண்ணால் பார்த்தால் துண்டுதான் தெரியுமாம். தலைப்பாகை மட்டும் காதுவரை இறங்கியிருக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய முத்தம்மாவுக்குச் சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலில் புண். "வலது காலில் வேதனை!" என்று ஐயா சொன்னதும் முத்தம்மா அழுதே விட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார் ஐயா, முத்தம்மா நிறுத்தினார். மூன்று வாரத்தில் விரல் கறுக்கத் தொடங்கியது.

"இன்னொரு தடவ போயிட்டு வாரேன்" என்று கிளம்பியவரோடு பக்கத்து வீட்டுச் சீனியும் வந்தான். தொழிற்சாலைக்காரன், காலில் எண்ணெய்க்கறை படிந்த வேலைச் செருப்பு. படியடியில் இருவரும் செருப்பைக் கொடுத்து அட்டை வாங்கும்போது முத்தம்மாவின் செருப்பைப் பார்த்தான். கட்டுப் போட்ட விரலுக்காக வலது வாரை வெட்டி, துணி சுற்றியிருந்தார்.

"அக்கா, இந்தச் செருப்பப் பாத்தா நானே சொல்லுவேன்லா, வலது காலுன்னு. உன் அட்டையக் கொடு, என்னோடத நீ வச்சுக்க."

"சாமி குத்தம்டா!"

"குத்தம் எனக்கு. சும்மா வாக்கா."

இருபத்தேழு. அது சீனியின் எண்; அந்த அட்டையோடு முத்தம்மா போய் உட்கார்ந்தார். ஐயா மூச்சை இழுத்தார்.

"தம்பி! இரும்புச் சத்தம் கேக்குது. மெஷின் பக்கத்துல நிக்கிறே. ஓவர்டைம் போறே. பொண்டாட்டி கோவமா இருக்கா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முத்தம்மாவால் அடக்க முடியவில்லை.

"எனக்கு ஏதுய்யா பொண்டாட்டி?"

ஆறு மாதத்தில் முதல் முறையாக ஐயா கண் திறந்தார்.

"ஆத்மாவுல ஆணேது, பொண்ணேது? எல்லாம் ஒண்ணு!"

"எல்லாம் ஒண்ணுன்னா பெட்டிக்கு நம்பர் எதுக்கு?" சீனி எழுந்தான். "செருப்பெல்லாம் ஒரே குவியலாப் போடுங்க ஐயா. யாரு யாருன்னு சொல்லுங்க, பாப்போம்."

"ஆமா, போடுங்க!" என்றது கூட்டம்.

ஐயாவுக்குத் திடீரென்று தலைவலி. எழுந்த வேகத்தில் தலைப்பாகை நழுவ, காதிலிருந்து குட்டி ஒலிக்கருவி ஒன்று கீழே விழுந்தது. சீனி அதைத் தன் காதில் வைத்து, கீழே இருந்த உதவியாளர் சொல்வதைக் கேட்டு, உரக்கச் சொன்னான்: "அடுத்தது இருபத்தெட்டு. வார் வெட்டின செருப்பு. அழுவுற கேஸு."

ஐயா பின்படி வழியாக வெறுங்காலோடு ஓடினார்.

அன்றே அரசாங்கக் கிளினிக். டாக்டர் பிரதீபா முதலில் கட்டை அவிழ்த்தார். விரலையும் பார்த்தார், சர்க்கரையையும் பார்த்தார். அதன் பிறகு கேட்டார்: "வீட்டுல யாரும்மா சமைக்கிறா? தனியாவா இருக்கீங்க? தூங்குறீங்களா?" கணவர் போனதிலிருந்து தூக்கமில்லை என்றார் முத்தம்மா.

"விரல் தப்பிச்சிரும். மாத்திரைய விடாதீங்க" என்றவர் சீனியிடம் திரும்பினார். "சாயங்காலம் போயி இவங்களோட கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருங்க. அதுவும் மருந்துதான்."

முழுதாகப் பார்ப்பது என்றால் அதுதான். முழுமை ஐயா பார்த்தது ஒரு ஜோடி செருப்பை. அதற்குள் நுழைந்து வந்த காலைக்கூட அல்ல.

ஐயா இப்போது பீடோர் ஊரில் மாடி தேடுகிறாராம். அங்கே ஏறப் போகிறவர்களே, செருப்பைக் கழற்றுங்கள், பாதகமில்லை. மூளையையும் அதே பெட்டியில் வைத்துவிட்டு ஏறாதீர்கள்.