நாற்பத்து மூன்று ஜெயந்த்

கரமனை,
திருவனந்தபுரம்.
திங்கட்கிழமை.

அன்புத் தம்பி வேல்சாமிக்கு,

அக்கா ஆவுடைத்தாய் எழுதுவது. பழவங்காடிப் பிள்ளையார் புண்ணியத்தில் இரத்த அழுத்தம் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சர்க்கரையும் முத்தாரம்மாளின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாகர்கோவிலில் உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கத்தும். உன் மனைவி எப்போதும் பக்கத்தில்தான் இருப்பாள். இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி. ஆகவே தனியாக உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படி.

நேற்று நம் சங்கத்தின் வரன் அறிமுகக் கூட்டம் நடந்தது அல்லவா, அதைப் பற்றித்தான். உன் மகன் ஜெயந்துக்கு மூன்று வருடமாகப் பதினாறு ஜாதகம் பார்த்து ஒன்றும் ஒட்டவில்லை, இந்தக் கூட்டத்தையும் விட்டால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான், நீதான் அக்கா காப்பாற்ற வேண்டும் என்று நீ கிட்டத்தட்ட அழுததால் நான் ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை, சாலைக் கடைவீதியில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் சங்கத் தலைவர் குற்றாலலிங்கம் கூப்பிட்டு, "யக்கா, இந்தத் தடவ பேப்பர் கெடையாது. எல்லாம் ஸ்கிரீன்லதான். ஒரு வீட்டுக்கு மூணு நிமிசம். மணி அடிச்சா எறங்கிரணும்" என்றார். மற்றவர்களெல்லாம் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் லேப்டாப் இருக்கிறது, பத்து விரல் இருக்கிறது. மவுஸைப் பிடித்து மேசை முழுக்க உருட்டிக்கொண்டிருப்பது தட்டச்சு தெரியாதவர்கள் வேலை. குறுக்குவிசைகள் என்று ஒரு முழுப் பட்டியலை அச்சடித்து, அலமாரிக் கதவில் ஒட்டி, ஒரே காலையில் மனப்பாடம் செய்தேன். கண்ட்ரோலோடு எம் தட்டினால் புது ஸ்லைடு. கண்ட்ரோலோடு டி தட்டினால் இருக்கிற ஸ்லைடுக்கு ஒரு பிரதி. எஃப் ஐந்து தட்டினால் முதலிலிருந்து ஓடும். ஷிஃப்டோடு தட்டினால் நிற்கிற இடத்திலிருந்து ஓடும். பி தட்டினால் திரை கறுப்பாகும். எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் அந்த ஸ்லைடுக்கே தாவும். எண்ட் விசை கடைசிக்குக் கொண்டுபோகும். ஏழு ஸ்லைடும் நாற்பது நிமிடத்தில் முடிந்தது, எலிவாலைத் தொடாமல். ஒத்திகை பார்த்தேன்: இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. பெருமை தலைக்கேறியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஏழாவது ஸ்லைடைப் பற்றி உன்னிடம் நான் சொல்லியிருக்கவில்லை. "பையனுடைய குறைகளையும் ஒளிக்காமல் சொல், இல்லாவிட்டால் மேடை ஏற மாட்டேன்" என்று உன்னிடம் கேட்டு வாங்கினேனே, அதைக் 'கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை' என்று தலைப்பிட்டுக் கடைசியில் வைத்திருந்தேன். யாராவது கேள்வி கேட்டால் நான் தடுமாறக் கூடாது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஒழுங்கு. தொடர்பு எண் உள்ள ஆறாவது ஸ்லைடைக் காட்டி முடித்ததும் பி தட்டித் திரையைக் கறுப்பாக்கி, வணக்கம் சொல்லி இறங்கிவிடுவதாகத் திட்டம். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் விரலில் இருந்தது.

கான்வென்டில் எனக்குத் தட்டச்சு கற்பித்த சிஸ்டர், ஏழாவது கார்பன் பிரதியிலும் எழுத்து தெரிய வேண்டும் என்பார். தெரியாவிட்டால் மதியச் சாப்பாடு கிடையாது. முப்பத்திரண்டு வருடம் ஆபீசிலும் அப்படியே அடித்தேன். விசையை மனதாரத் தட்டு, தட்டினபின் திரும்பிப் பார்க்காதே. நேற்றுக் காலை கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, ஜெயந்தின் படம் ஒன்று போதாது, வேட்டி கட்டின படமும் ஒன்று சேர்க்கலாமே என்று தோன்றியது. இரண்டாவது ஸ்லைடில் நின்று, கண்ட்ரோலோடு டி தட்டினேன். மனதாரத் தட்டினேன். திரையைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் குற்றாலலிங்கம், "அடுத்தது கரமனை ஆவுடைத்தாயக்கா!" என்று கூப்பிட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் வயரை மாட்டி எஃப் ஐந்து தட்டினேன். பெயர் வந்தது. அடுத்து ஜெயந்த் வந்தான், சிரித்தபடி. படிப்பைச் சொல்லி முடித்து அம்புக்குறியைத் தட்டினேன். மறுபடி ஜெயந்த். சரி, இதுதான் அந்தப் பிரதி என்று மேலும் தட்டினேன். ஜெயந்த். வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தட்டினேன். ஜெயந்த். குலதெய்வத்தைப் பற்றிச் சொன்னேன், ஜெயந்த். நட்சத்திரம் சொன்னேன், ஜெயந்த். பிறகு மேடையை விட்டு இறங்கியதும் எண்ணிப் பார்த்தேன், விசையை அழுத்திப் பிடித்த பாவத்துக்கு மொத்தம் நாற்பத்து மூன்று.

கூடத்தில் நூற்றைம்பது பேர். முதலில் மரியாதையாக இருமினார்கள். அப்புறம் ஒருவர், "பையன் நல்ல ஸ்டெடியாக்கும் அல்லே!" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஏழேழு ஜென்மத்துக்கும் இவனேதான் போல, மாத்தித் தர மாட்டாவ!" என்றது. கூடமே சிரித்தது. குற்றாலலிங்கம் மணியைக் கையில் எடுத்துவிட்டார். நான் பதறவில்லை. மூன்றாவது ஸ்லைடுக்குத் தாவ மூன்று, என்டர். ஜெயந்த். ஆறு, என்டர். ஜெயந்த். இருபது, என்டர். பல் தெரியச் சிரிக்கிறான் உன் மகன்! அரை நிமிடம்தான் பாக்கி. தொடர்பு எண்ணாவது ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று எண்ட் விசையைத் தட்டினேன். எண்ட் என்றால் கடைசி. கடைசி எதுவென்று உனக்கே தெரியும்.

வேல்சாமி, எட்டடித் திரையில், தடித்த எழுத்தில், இப்படி நின்றது: ஒன்று, வயது பயோடேட்டாவில் உள்ளபடி முப்பத்தொன்று அல்ல, முப்பத்து மூன்று. (முப்பத்தொன்று என்று எழுதச் சொன்னவன் நீ. அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டுவந்தவளிடமே!) இரண்டு, படத்தில் உள்ள தலைமுடி மூன்று வருடத்துக்கு முந்தியது. மூன்று, குறட்டை உண்டு. நான்கு, கோபம் வந்தால் பேச மாட்டான். அடுக்களைக்குப் போய்ச் சாப்பிடுவான். ஐந்து, தாயாருக்கு வாய் சற்று நீளம்; மனது தங்கம். உடனே திரையைக் கறுப்பாக்க பி தட்டினேன். அதையும் மனதாரத் தட்டித் தொலைத்தேன். கறுப்பாயிற்று, திரும்ப வந்தது, கறுப்பாயிற்று, திரும்ப வந்தது, ஓணத்துக்குச் சாலைக் கடைகளில் போடுகிற சீரியல் பல்பு மாதிரி பட்டியல் மின்னி மின்னி எரிய, படிக்காமல் விட்டவர்களும் படித்துவிட்டார்கள். "கோவம் வந்தா சாப்பிடுவானாம்டே!" என்று யாரோ உரக்கவே வாசித்தார். மணி அடித்தது. நான் நிமிர்ந்து நின்று, "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாழ்நாளில் நான் இரண்டு முறைதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இரண்டும் கான்வென்டில், இரண்டும் ஆங்கிலத்தில். இப்போது உன்னிடம் தமிழில் கேட்கிறேன். வீட்டுச் சங்கதியை வீதியில் வைத்ததற்கு மன்னிப்பு. முத்தாரம்மாளைப் பற்றி எழுதியதற்கு இன்னொரு மன்னிப்பு. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. காப்பி நேரத்தில் ஒரு அம்மாள் நேராக என்னிடம் வந்தார். சீதாலக்ஷ்மி என்று பெயர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், இப்போது நம் கரமனையில்தான் வீடு. "யக்கா, அந்த நாலாவது பாயிண்டு நெசந்தானா?" என்றார். நிஜம்தான், பையனின் தகப்பனாரே சொன்னது என்றேன். "எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும். சாப்பிடுத ஆளுன்னா தட்டு தரையிலயே இருக்கும்லா!" என்றார். அவர் மகள் ஸ்ரீப்ரியாதான் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அவளும் வந்தாள். "ஆன்ட்டி, இன்னிக்குக் காலைலருந்து இருபத்தாறு பேரைப் பாத்தாச்சு, எல்லாரும் பெர்ஃபெக்ட். இவர் ஒருத்தர்தான் மனுஷன் மாதிரி இருக்கார்" என்றாள். பிறகு என் லேப்டாப்பைப் பார்த்து, "எண்ட் கீ என் மேனேஜருக்கே அறியாது, ஆன்ட்டி. பட்சே கீயைத் தொட்டா மதி, அமுக்கண்டா" என்றாள், பாதி மலையாளத்தில்; தொட்டால் போதும், அமுக்க வேண்டாமாம். நாற்பத்து இரண்டு ஜெயந்த்களையும் என் கண் முன்னாலேயே ஒரே தட்டில் அழித்தும் காட்டினாள். நகம் வெட்டியிருந்தது, உச்சரிப்பு சுத்தம். ஜாதகம் பார்த்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஆகவே உன் அக்காவை மன்னித்து, வீட்டை வெள்ளையடிக்கச் சொல். ஜெயந்துக்கு என் அன்பு. முடியை அதற்குள் வெட்ட வேண்டாம், இருப்பது இருக்கட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மருமகள் கையால் காப்பி குடித்து, நூறாண்டு இருக்க இந்த அக்காவின் ஆசி.

இப்படிக்கு,
ஆவுடைத்தாய்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முத்தாரம்மாளே போன் செய்தாள். யாரோ வீடியோ எடுத்து சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். "மைனி, வாய் நீளம்னு போட்டதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல, எங்க அம்மையே அப்படித்தான் சொல்லுவா. ஆனா கொறட்டைன்னு ஒண்ணு போட்டிருக்கியளே, எம் மவன் மூச்சு விடுகது பக்கத்துல கெடந்தாலும் கேக்காது. அது உங்க தம்பியாக்கும். கோவத்துல அடுக்களைக்குள்ள போய்த் திங்கதும் உங்க தம்பியாக்கும். பையனோட கொறையச் சொல்லுன்னு நீங்க கேட்டா, இந்த மனுசன் நான் தெனமும் அவரைச் சொல்லுகதையே எடுத்து ஒப்பிச்சிருக்காரு!" என்றாள். அப்படியானால் ஜெயந்த் கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். "அவனா? வாய் தொறக்காம வீடு பூரா தூத்துத் தொடைச்சிருவான்" என்றாள். இதை மறைப்பது முறையல்ல என்று உடனே சீதாலக்ஷ்மிக்குப் போன் போட்டு, நான்காவது பாயிண்டு தவறு, சரியானது இது என்று திருத்தம் சொன்னேன். அவர் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை, வெள்ளிக்கிழமையே வருகிறார்கள். எனவே, மேலே கேட்டுள்ள இரண்டு மன்னிப்பையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் எல்லோரும் கொஞ்சம் கண் அயரலாம். நீ மட்டும் கண் மூடாமல் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.