சர்வர் அறைச் சாவியைத் தர மாட்டேன்

பெக்கான் நானாஸ்,
வியாழக்கிழமை, காலை மணி 8.40

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சுகுமாறன் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வாசுகியின் கணவனும், நமது அன்னாசி டின் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவை இருபத்திரண்டு வருடமாகத் தனி ஆளாகக் காத்து வருபவனுமாகிய கனகராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். அங்கு ஜொகூர் பாருவில் நீங்களும், தலைமை அலுவலகமும், உங்கள் அறை ஏர்கோனும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். மின்னஞ்சல் இருக்க, இதைத் தாளில் எழுதி லாரி டிரைவர் மதிவாணனிடம் கொடுத்தனுப்புவது ஏன் என்று கேட்பீர்கள். அலுவலக மின்னஞ்சலை எத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். மனிதவள மேலாளர் ஆகிவிட்டோம் என்பதற்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'சர்வர் செயலிகளின் உள்கட்டமைப்பு நிர்வாகத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி'யில் என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பவனுக்கே சான்றிதழ் கொடுத்துவிடலாம். போதாததற்கு, மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்காவிட்டால் சர்வர் அறைச் சாவியைத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஓலை வேறு. இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில் தொங்கும் சாவி அது! அதைக் கழற்றிவிட்டால் இந்தத் தொழிற்சாலையில் நான் யார்? பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பவன், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதியது போட்டுக் கொடுப்பவன், அவ்வளவுதானே?

இருந்தாலும் உங்கள் முகத்துக்காகத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போனேன். பயிற்றுநர் குளுவாங்கிலிருந்து வரும் லோஷினி என்ற பெண். நம் பையன் யுகேந்திரன் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவள் ஒவ்வொருவரிடமும், கடைசியாக உங்கள் சர்வரை எப்போது நிறுத்தி எழுப்பினீர்கள் என்று கேட்டாள். ஒருவர் போன வாரம் என்றார், இன்னொருவர் நேற்று என்றார், வெட்கமே இல்லாமல். நான் எழுந்து நின்று, "ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினாலு நாளா நின்னதே இல்லமா" என்றேன். கைதட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன். அவளோ, "அலமாக்! அங்கிள், அத்தன நாளா ஒரு அப்டேட்கூட போடலயா? அது பெரும இல்ல லா, அத்தன நாளா கதவத் தொறந்து வச்சிருக்கீங்க" என்கிறாள். கதவைத் திறந்து வைத்திருக்கிறேனாம், சாவியை இடுப்பில் வைத்திருக்கும் நான்!

செவ்வாய்க்கிழமை வீட்டுப்பாடம். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு வீட்டுப்பாடம், மச்சான். உங்கள் சர்வரில் என்னென்ன ஓடுகிறது, யார் யார் பயன்படுத்துகிறார்கள், அது நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொன்னாள். நான் அங்கேயே நிரப்பினேன். முதல் கட்டத்தில் 'எல்லாம்', இரண்டாவதில் 'எல்லாரும்', மூன்றாவதில் 'எல்லாம்'. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அங்கிள், நின்னா எது நிக்கும்னு தெரியாம எப்படிப் பாத்துக்குவீங்க?" என்று கேட்டாள். "அது நிக்காதுமா, நின்னாத்தானே தெரிஞ்சு வச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

என் கவனிப்புக்கு அத்தாட்சி வேண்டுமா? நான்கு வருடத்துக்கு முன் யுகேந்திரன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் லீவு போட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்துப் பையன்கள் நான்கு பேர் வந்து சர்வர் அறையில் ஏதோ நோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் பூட்டை மாற்றினேன். அன்றிலிருந்து எறும்பைக்கூட உள்ளே விடவில்லை. பலன் என்ன தெரியுமா? முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துப் போன் வரும், 'சிஸ்டம் ஸ்லோ' என்று அழுவார்கள். இந்த நான்கு வருடத்தில் ஒரு புகார் இல்லை. மெஷின் சூடாவதில்லை, சத்தம் போடுவதில்லை, விளக்குகூட எப்போதாவதுதான் சிமிட்டுகிறது. இந்த அமைதியை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஆகவே மச்சான், இது என் முடிவு. இன்று காலை சரியாகப் பத்து மணிக்கு என் கையாலேயே அந்தச் சர்வரை நிறுத்தப் போகிறேன். டின்னுக்கு லேபிள் அடிக்காது. ஸ்டாக் கணக்கு நிற்கும். சிங்கப்பூர் போகும் லாரிகள் வாசலில் வரிசை கட்டும். நீங்கள் போன் செய்வீர்கள். நான் எடுக்க மாட்டேன். கனகராஜுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்பினால்தான் மறுபடி சுவிட்சில் கை வைப்பேன்.

உங்கள் மனைவி சுபத்திராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்களுக்கு உரிய ஆசியை, அந்த ஓலையை நீங்கள் வாபஸ் வாங்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத
கனகராஜ்

பின்குறிப்பு (மதியம் மணி 1.15): லாரி கிளம்பத் தாமதமானதால் இதையும் எழுதுகிறேன். பத்து மணிக்கு நிறுத்தினேன். சுவிட்சை அழுத்துமுன் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? நாற்காலியைப் போட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரை ஆயிற்று, யாரும் கூப்பிடவில்லை. போன்தான் கெட்டுவிட்டதோ என்று வாசுகியைக் கூப்பிட்டுப் பார்த்தேன்; நன்றாகத்தான் இருக்கிறது. லேபிள் பகுதிக்கு நடந்தேன். டின்கள் பாட்டுக்கு ஓடுகின்றன. "சிஸ்டம் ஓகேவா?" என்று கிளார்க் ஹேமநாதனிடம் கேட்டேன். "ஓகே லா அண்ணே. எல்லாத்தையும் நாலு வருசத்துக்கு முன்னயே ஜேபி ஹெட் ஆபீஸ் சர்வருக்கு மாத்திட்டாங்களே, உங்களுக்கும் இமெயில் வந்துச்சே" என்றான். தேடினேன். வந்திருக்கிறது. திறக்காமல் கிடக்கிறது.

பதினொன்றேகாலுக்குத்தான் ஒரே ஒருவர் ஓடி வந்தார், கேண்டீன் சந்திரமதி. "அண்ணே, டிவில மெனு வரமாட்டேங்குது. இன்னிக்கு அசாம் பெடாஸ் புளிக்கறின்னு யாருக்கும் தெரியல, மீன் அப்படியே கெடக்கு!" உடனே சர்வரை எழுப்பினேன். எழுந்திருக்க நாற்பது நிமிடம் எடுத்தது. அதுவரை நான் சாமி கும்பிட்டதை இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்த திங்கள் தொடங்கும் பயிற்சியில் என் பெயரை மறுபடி சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண் லோஷினியிடம், என் வீட்டுப்பாடத்தில் மூன்று கட்டத்தையும் அடித்துவிட்டு 'கேண்டீன் மெனு', 'சந்திரமதி', 'மீன்' என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கு உரிய ஆசியையும் இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் அக்காவிடம் மூச்சு விடக் கூடாது.

ஆனால் சாவியை மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டேன். நாளை வெள்ளிக்கிழமை, சைவம். அதை டிவியில் யார் போடுவது?