உரம் போடாத பட்டை

ஜூன் முதல் திங்கட்கிழமை, ரயில் பாதையை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் பால் பண்ணைக்காரர் யூரியா தூவினார். தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பட்டையை மட்டும் உரமில்லாமல் விட்டார்.

அது பந்தயத்துக்காக. நிலத்தில் பாதி அவருடைய மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். டயர் கடைக்காரரான அவருக்கு அங்கே ஒரு கிடங்கு கட்ட ஆசை.

“செத்த மண்ணு மாப்ளே. மாட்டுக்குப் புல்லு எங்க வளரப்போகுது? மாடுங்களை வித்துடலாம்.”

“உரம் போட்ட இடத்தையும் போடாத இடத்தையும் ஆகஸ்ட் கடைசியில வந்து பாருங்க மச்சான்.”

“போடாத இடம் ஜெயிச்சா?”

“நானே மாடுங்களைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்.”

உரம் தூவிய புல்லில் மூன்று வாரம் மாடு மேயக் கூடாது. மாடுகள் தொழுவத்திலேயே நின்று, விலைக்கு வாங்கிய வைக்கோலைத் தின்றன. மழை வரவில்லை. யூரியா வெயிலில் ஆவியாகிப் போனது.

அவர் விடவில்லை. மறுபடியும், இரண்டு மடங்காகத் தூவினார். புல்லின் நுனி கருகியது.

“என்னங்க, மாடுங்களை எப்பதான் வெளிய விடுவீங்க? சாணி அள்ளி மாளல” என்றாள் மனைவி.

“இன்னும் மூணு வாரம் பொறு. ஒரு கை பாத்துடறேன்.”

கருகலைத் தணிக்கக் குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். உரம் கரைந்து ஓடைக்குப் போயிற்று. ஓடையில் கோரை ஆள் உயரம் வளர்ந்தது. மூன்றாம் முறையும் தூவினார். மாடுகள் உள்ளேயே இருந்தன.

ஆகஸ்ட் கடைசியில் மச்சான் அளக்கும் டேப்போடு வந்தார். அது தேவைப்படவில்லை. உரம் போட்ட இடம் கிழிந்த பாய் போலக் கிடந்தது. போடாத பட்டையில் புல் முழங்காலைத் தொட்டது.

“உங்க உரத்துக்குப் பயந்து புல்லெல்லாம் இந்தப் பக்கம் ஓடி வந்துடுச்சு போல, மாப்ளே!”

பண்ணைக்காரர் சொன்ன சொல் தவறாதவர். மாடுகளை அவிழ்க்கத் தொழுவத்துக்குள் போனார். வாளியும் துடைப்பமுமாக மனைவி எதிரே வந்தாள்.

“எங்கங்க ஓட்டிட்டுப் போறீங்க?”

“சந்தைக்குத்தான் தங்கச்சி” என்றார் அண்ணன். “உரமே போடாத இடம் ஜெயிச்சிடுச்சே!”

“உரம் போடாத இடமா? மாடுங்களை வெளிய விடாத நாள்லேர்ந்து, தினமும் ரெண்டு வேளை தொழுவத்தைக் கழுவி சாணியை அங்கதானே அண்ணே தள்ளிக்கிட்டிருக்கேன்!”

மாடுகள் விற்கப்படவில்லை. மிச்சமிருந்த யூரியா விற்கப்பட்டது.