நூற்றுக்கு நூறு போலி

வெண்டலின் கார் போலி இல்லை என்று புகார் வந்திருந்தது.

"என்னது?" என்று வெண்டல் அலறிய அலறலில், பக்கத்துக் கூடாரத்தில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றைத் தரையில் திருப்பிப் போட்டார். "என் காரையா? என் காரைப் பார்த்தா ஒரிஜினல்னு சொன்னான்?"

"எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கார்," என்றார் ஆர்டிஸ், காகிதத்தை நீட்டியபடி. "வெர்னன்."

"அவனுக்குப் பித்தம் தலைக்கு ஏறிடுச்சு!"

செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று காலை ஒன்பது மணி. மிச்சிகனில் எங்கள் ஒவாஸோ வட்டாரப் பழைய கார்க் கழகத்தின் கண்காட்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. போட்டியில் இரண்டு பிரிவுகள். எட்டு சிலிண்டர் ராட்சச இன்ஜினோடு ஆலையிலிருந்தே வந்த கார்களுக்கு நிஜப் பிரிவு. ஆறு சிலிண்டரோடு பரம சாதுவாகப் பிறந்து, பிற்பாடு யாரோ இன்ஜினை மாற்றி, கோடு இழுத்து, ராட்சசன் வேஷம் கட்டிவிட்ட கார்களுக்கு வேஷப் பிரிவு.

வெண்டலின் 1970 சேலஞ்சர் பதினோரு வருடங்களாக வேஷப் பிரிவின் கோப்பையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பன்னிரண்டாவது தடவையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவருக்கே. டிவிக்கு மேலே அலமாரி அடித்து, அதற்கு ஒரு குட்டி விளக்கும் போட்டாகிவிட்டது.

பதினோரு வருடங்களாக இரண்டாவது பரிசு வாங்குபவர் வெர்னன்.

"ரூல் ரூல்தான் வெண்டல்," என்று கையில் காபியோடு வந்து சேர்ந்தார் அவர். "நிஜக் காரை வேஷப் பிரிவுல நிறுத்தக் கூடாது. எட்டாவது விதி."

"அது நாம தண்ணி போட்டுட்டு விளையாட்டுக்கு எழுதின விதிடா!"

"எழுதினோமில்ல? போன வாரம் உன் வண்டியில டாஷ்போர்டு விரிப்போட மூலை சுருண்டு கிடந்துச்சு. கண்ணாடி வழியா நம்பரைப் பார்த்தேன். அஞ்சாவது எழுத்து வி. சத்தியமா வி!"

இதில் விஷயம் இருக்கிறது. டாஷ்போர்டில் அடித்த தகட்டில் இருக்கும் நம்பர்தான் இந்தக் கார்களுக்கு ஜாதகம். அதில் ஐந்தாவது எழுத்து இன்ஜினுக்கு உரியது. சி என்றால் ஆறு சிலிண்டர் சாது. வி என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்துப் பெட்ரோலைக் குடித்துத் தள்ளும் ராட்சசன்.

"சி-டா அது!" என்றார் வெண்டல். "எழுபத்தொன்பதுல வாங்கினப்ப என் ரெண்டு கண்ணால பார்த்தேன். சி!"

"அப்புறம் பார்த்தியா?"

"போலிக்கு எதுக்குடா அடிக்கடி ஜாதகம் பார்க்கணும்?"

அதுதான் அவருடைய பெருமை. நிஜக் கார்க்காரர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும். காரை டிரெய்லரில் ஏற்றி, போர்வை போர்த்திக் கொண்டுவந்து, பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வடகத்துக்குக் காக்கா ஓட்டுவது போல ஜனங்களை நாள் முழுக்க விரட்டுவார்கள். வெண்டலின் முன்கண்ணாடியிலோ ஓர் அட்டை: 'நூற்றுக்கு நூறு போலி. தொடலாம். உட்காரலாம். ஹாரன் அடிக்கலாம்.' அந்தக் காரில்தான் மரச்சட்டம் ஏற்றுவார். மனைவி டோரீனைச் சீட்டாட்டத்துக்கு அழைத்துப் போவார். ஞாயிறுதோறும் மில்லர் குளத்துக்கு மீன் பிடிக்கப் போவார். அந்தக் குளத்தில் முப்பது வருடங்களாக ஒரு ராட்சச மீன் அவர் தூண்டிலைக் கவ்விப் பிடித்து, அசையாமல் நின்று, நூலை அறுத்துக்கொண்டிருக்கிறது. திமிங்கிலத்தின் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும் என்பது வெண்டலின் கணிப்பு.

"நிஜம்னு ஆயிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று அவர் ஆர்டிஸிடம் கெஞ்சினார். "வருஷத்துக்கு இத்தனை மைல்தான் ஓட்டலாம்னு இன்ஷூரன்ஸ்காரன் கணக்கு சொல்லுவான். மழையில எடுக்க முடியாது. மீனை உள்ள வைக்க முடியாது. நானும் போர்வை வாங்கணும். கோப்பையும் போயிடும். என் வாழ்க்கையே போச்சு!"

"புகார் வந்தா பார்த்துத்தான் ஆகணும்," என்றார் ஆர்டிஸ், கைப்பையைத் திறந்தபடி.

ஆர்டிஸைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வயது எழுபத்துநான்கு. உயரம் ஐந்தடி, அதுவும் தொப்பியோடு. நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களுக்கு எண் ஒட்டியவர், ஓய்வு பெற்றதும் கார் எண்களின் பக்கம் திரும்பினார். அவர் பார்வை பட்டாலே கள்ளத் தகடுகள் தாமாகவே ஆணியைக் கழற்றிக்கொண்டு கீழே விழும் என்று மூன்று மாநிலங்களில் பேச்சு. வீட்டை விற்றுக் கார் வாங்கிய ஒருவருக்கு அது வேஷம்தான் என்று ஏழு நிமிடத்தில் நிரூபித்து, எட்டாவது நிமிடம் தன் கைக்குட்டையையும் கொடுத்து ஆறுதல் சொன்ன மகராசி. பல் டாக்டர் கண்ணாடி ஒன்று, டார்ச் ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று. அவ்வளவுதான் ஆயுதம்.

"முதல்ல விரிப்பை எடுங்க," என்றார்.

"அதைத் தொடாதீங்க!" என்று உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தோடு ஓடி வந்தார் டோரீன். "பசை போட்டு ஒட்டியிருக்கேன். கோப்பைதானே, வெர்னனுக்கே குடுத்துத் தொலை வெண்டல். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

"என்ன பேசுற நீ? மானப் பிரச்சினை இது!"

அந்த விரிப்புக்கு ஒரு கதை உண்டு. கழகத்தில் அதைக் கண் கலங்காமல் வெண்டல் சொன்னதே இல்லை. எண்பத்தாறில் கம்பெனி அவரை இரண்டு மாதம் டெக்சாஸுக்கு அனுப்பியது. திரும்பி வந்து பார்த்தால், கார் கத்தரிப்பூ நிறத்தில் புது மணப்பெண் போல நிற்கிறது! தான் உயிராக வாசித்த பியானோவை விற்று, டோரீன் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து, தன் கையாலேயே விரிப்பும் தைத்துப் போட்டிருந்தார். பெயின்ட்டின் மகிமையோ என்னமோ, அன்றிலிருந்து கார் இரண்டு மடங்கு வேகம் போனது. கதவு கீச்சிடுவதுகூட நின்றுவிட்டது. இப்படி ஒரு மனைவி உலகத்தில் யாருக்கு வாய்க்கும்?

வெண்டல் விரிப்பைப் பிடித்து இழுத்தார். பசை முனகிக்கொண்டே விட்டது. ஆர்டிஸ் டார்ச்சை அடித்தார்.

"வி," என்றார்.

வெர்னன் ஒரு குதி குதித்தார். காபி அவருடைய சட்டையிலேயே கொட்டியது.

"யாரோ தகடை மாத்தியிருக்கான்!" என்றார் வெண்டல். "எண்பத்தாறுல பெயின்ட் அடிச்ச கடைக்காரன் ஒரு ஃபிராடு!"

"இந்த ஆணியைப் பாருங்க வெண்டல். தலை ஆறு இதழ் பூ மாதிரி இருக்கா? இது ஆலையில அடிச்சது. இதழ்ல ஒரு கீறல் இல்லை. யாரும் கை வச்சதே இல்லை." ஆர்டிஸின் குரலில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. நல்ல நம்பரைக் கண்டால் அவருக்கு அப்படித்தான்.

"இருங்க," என்றார் வெண்டல். "ரேடியேட்டரைத் தாங்குற தகடு இருக்கில்ல, அதை நான் காயலாங்கடையில வாங்கிப் போட்டேன். அதுல வேற கார் நம்பர்தான் இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில."

"பெயின்ட்டைச் சுரண்டணுமே?"

"சுரண்டுங்க!"

"உன் பெயின்ட் வெண்டல்," என்றார் டோரீன் பலவீனமாக. "என் பியானோ."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு, பிளேடால் தானே சுரண்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் தன் தோலையே உரிப்பது போல ஒரு சத்தம் போட்டார். கத்தரிப்பூத் தூள் உதிர்ந்து உதிர்ந்து, அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஆர்டிஸ் உரக்கப் படித்தார். டாஷ்போர்டில் இருந்த அதே எண்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதற்குள் நிஜப் பிரிவுக்காரர்கள் தங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வெண்டலின் காரைச் சுற்றிப் போட்டுவிட்டார்கள்.

"இன்ஜின்!" என்று கத்தினார் வெண்டல். "இன்ஜினைப் பாருங்க! எண்பத்தொண்ணுல பழைய போலீஸ் வண்டியிலிருந்து கழட்டி, இதோ இந்த ரெண்டு கையாலயும் நான் மாட்டினது. அது எப்படிப் பொருந்தும்? அந்தக் கடவுளே வந்தாலும் பொருந்தாது!"

இன்ஜினின் நம்பர் அடியில், எண்ணெய்த் தொட்டியின் விளிம்புக்கு மேலே இருக்கும். காரைத் தூக்க வேண்டும். டோரீனின் தம்பி ராஸ்கோ தன் இழுவை வண்டியின் நிழலில், முகத்தைத் தொப்பியால் மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். வெண்டல் போய் உலுக்கினார்.

"எந்திரி மச்சான். காரைத் தூக்கணும்."

ராஸ்கோ காரைப் பார்த்தார். "மறுபடியுமா?" என்றார்.

டோரீன் அவர் வாயில் ஒரு ஹாட் டாக்கைத் திணித்தார். "பாவம், காலையிலிருந்து எதுவும் சாப்பிடலை," என்றார் எல்லோரிடமும்.

ராஸ்கோ மென்றுகொண்டே முன்பக்கத்தைத் தூக்கி, தாங்குகட்டைகள் வைத்து, வேலை முடிந்ததும் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நிழலில் சாய்ந்தார். எழுபத்துநான்கு வயது ஆர்டிஸ் சக்கரப் பலகையில் படுத்து, மீன் போல வழுக்கி உள்ளே போனார். அவருடைய காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

காலணிகள் நடுங்கத் தொடங்கின.

"பொருந்துது," என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"பொய்!"

"வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

வெண்டலும் படுத்து உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது, ஆவியைப் பார்த்துவிட்டு வந்தவர் போல இருந்தார். "ஆமா," என்றார். "நான் மாட்டின இன்ஜின்ல இந்தக் காரோட நம்பர் இருக்கு."

"ஒத்துக்கோப்பா," என்றார் வெர்னன். இப்போது அவர் குரலில் நக்கல்கூடக் குறைந்திருந்தது.

"மாட்டேன்! பின் சீட்! இதை மெத்தைக்கடைக்காரன்கிட்ட குடுத்துப் புதுசாத் தைச்சேன். ஆலைக்காரங்க சீட்டுக் கம்பிக்குள்ள திணிப்பாங்களே ஒரு குறிப்புத்தாள், அது இதுல இருக்கவே இருக்காது. இருந்தா நான் மீசையை எடுத்துடுறேன்!"

அவரே சீட்டைப் பிய்த்து வெளியே போட்டார். கவிழ்த்தார். கம்பிச் சுருள்களுக்கு நடுவே, பழுத்துப்போன ஒரு தாள், எலி ஒரு மூலையைத் தின்றது போக, பத்திரமாகப் படுத்திருந்தது.

"அடுத்த கார்த் தாளா இருக்கும்!" என்றார் வெண்டல், கடைசி நம்பிக்கையோடு. "அவசரத்துல மாத்தித் திணிச்சிருப்பாங்க. நடக்கிறதுதானே?"

"நடக்கும்," என்றார் ஆர்டிஸ். தாளை இரண்டு கையாலும், பிறந்த குழந்தையை வாங்குவது போல வாங்கினார். பூதக்கண்ணாடி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினார். தன் கைக்குட்டையைத் தானே பயன்படுத்திக்கொண்டதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

"இதே கார்தான். தகடு, உடம்பு, இன்ஜின், தாள், நாலும் ஒண்ணு. பெயின்ட் நிறம்கூட ஆலையில குறிச்ச அதே நிறம். இருபது வருஷத்துல எத்தனையோ நிஜத்தை நான் போலின்னு நிரூபிச்சிருக்கேன். ஒரு போலி நிஜமானதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் எல்லோரும் கழற்றினார்கள். வெர்னனும் கழற்றினார். "இந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டப்பவே நினைச்சேன் வெண்டல்," என்றார். "இப்படி ஒரு வண்டிக்குப் பின்னாடி பதினோரு வருஷம் ரெண்டாவதா நின்னதுல எனக்கு இனிமே வருத்தமே இல்லை." வேஷப் பிரிவின் கோப்பையை மட்டும் மறக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வெண்டல் பிய்த்துப் போட்ட சீட்டைத் தாண்டி முன்பக்கம் வந்தார். பிறகு கண்ணாடியிலிருந்த அட்டையை எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். வாசற்படி ஏறுவது போல பம்பரில் ஒரு காலை வைக்கப் போனவர், நிஜக் கார் என்பது ஞாபகம் வந்து கீழேயே நின்று பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே! எழுபத்தொன்பதுல நான் வாங்கினது போலிதான். இந்தக் கையால மாட்டின இன்ஜின்தான். ஆனா நாப்பது வருஷம் இதைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேன். ஒரு நாள்கூட இதைப் பிரிஞ்சதில்லை, அந்த டெக்சாஸ் ரெண்டு மாசத்தைத் தவிர. அப்பவும் என் டோரீன் இதைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினா. அந்த அன்புதான், இரும்புக்குள்ள போய், நம்பரையே மாத்தியிருக்கு!"

ஆர்டிஸ் விசும்பினார். நிஜப் பிரிவுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. டோரீன் மட்டும் சாலட் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அந்த ஆரவாரத்தில் விழித்துக்கொண்ட ராஸ்கோ, காது மெஷினை எடுத்து மாட்டினார். அழுகிற கூட்டத்தைப் பார்த்தார், பிய்ந்து கிடந்த காரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்க்கா, எண்பத்தாறுல நீ மில்லர் குளத்துக்குள்ள எறக்குன மாமாவோட கார், இன்னும் அங்கேயேதான் கெடக்குன்னு அவர்கிட்ட சொல்லவே இல்லியா?"