இருநூறு அடியில் எண்ணெய்

திருச்செங்கோடு,
20-1-1982

மதராஸில் இருக்கும் அன்புள்ள சித்தப்பாவுக்குப் பொன்னாத்தாள் பணிந்து எழுதுவது. இந்தக் கடிதத்தைச் சித்தியிடம்கூடக் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இங்கே அப்பா, அம்மா, போர்வெல் போடும் நம் ரிக் வண்டி மூவரும் சுகம். எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இரண்டு எண்ணெய்க் கம்பெனிகளின் ஆங்கில அறிக்கைகளை அனுப்பி, எதன் பங்கை வாங்கலாமென்று பாப்பா படித்துச் சொல்லட்டும் என்று அப்பாவுக்கு எழுதினீர்களே, அங்கேதான் என் கேடு தொடங்கியது. அரையாண்டுப் பரீட்சையில் ஆங்கிலத்தில் நான் வாங்கியது முப்பத்தெட்டு. அது அப்பாவுக்குத் தெரியாது. ஏனென்றால் எழுத்தறியாத அவருக்கு மதிப்பெண் அட்டையைப் படித்துச் சொன்னதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, போர் போடும் ஆட்களையெல்லாம் சுற்றி நிறுத்திக்கொண்டு, "படி சாமி" என்றார். நான் புதிய கம்பெனியின் அறிக்கையை எடுத்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போலத் தொண்டையைச் செருமி, புரிந்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு வளரும், பெருகும், பொங்கும் என்று அளந்துகொண்டிருந்தேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் கெடக்குது. எத்தன அடியில எண்ணெயின்னு போட்டிருக்குதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் பார்க்கும்போது எனக்கு அந்தச் சொல் மட்டும் வாயில் வருவதில்லை. "எரநூறு அடிங்கப்பா" என்றேன்.

"கேசிங் பைப்பு?" மேல்மண் சரியாமல் குழிக்குள் இறக்கும் குழாயைக் கேட்டார்.

"இருவதடிங்கப்பா."

"அட, நம்ம வண்டியே போட்டுருமே!"

டிரில்லர் ஆண்டி, "அப்ப நாமளே போயிப் போட்டுப்புடலாமுங்க மொதலாளி" என்றான்.

அம்மா உள்ளிருந்து, "ஏனுங்க, நம்ம காட்டுல தண்ணிக்குப் போட்ட மூணு குழியிலயும் மண்ணுப் பொகதான் வந்துச்சு. இப்ப எண்ணெயாமா எண்ணெ!" என்றாள்.

"நீ சும்மா இரு சௌந்திரம். புள்ள இங்கிலீசப் பாத்துப் படிக்குது."

பிறகுதான் பயம் பிடித்து, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு அறிக்கைகளையும் சொல் சொல்லாக முட்டிமோதிப் படித்தேன். சித்தப்பா, அந்தப் புதிய கம்பெனி இன்னும் ஒரு குழிகூடப் போடவில்லை. எங்கே போடுவதென்று அனுமதிக்குக் காத்திருக்கிறதாம். பத்து ரூபாய்ப் பங்குக்கு நாற்பது ரூபாய் கேட்கிறார்கள். மீதி முப்பதும் இனிமேல் வளரும் என்ற நம்பிக்கைக்கு! பழைய கம்பெனி, வாங்கிய எண்ணெயைச் சுத்தம் செய்து விற்கிறது. பெரிதாக வளராது. ஆனால் இருக்கிற சொத்துக்கும் வருகிற லாபத்துக்கும் அதன் விலை நியாயமானது.

அப்பா புதிய கம்பெனியில் போடப்போவது, என்னை நாமக்கல் ஹாஸ்டலில் சேர்த்துப் பிளஸ் டூ படிக்கவைக்க ஒதுக்கிய பணம். அது போனால் பத்தாவதோடு என் படிப்பும் போய்விடும். நாளை பேங்க் டிராஃப்டை உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறார். புதியது என்று அவர் எழுதச் சொல்லியிருந்தாலும் நீங்கள் பழையதையே வாங்கிவிடுங்கள். இனிமேல் வளரும் என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். இன்றைக்குக் கையில் இருப்பதற்கு மட்டுமே விலை கொடுக்க வேண்டும். சித்திக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தம். சித்தி கேட்ட நெய்யை அடுத்த வாரம் சங்ககிரி லாரியில் கொடுத்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா

பின்குறிப்பு: விடிந்தபின் எழுதுகிறேன். ராத்திரி கதவைத் தட்டிய அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். "ஏம்புள்ள, எரநூறு அடியில எண்ணெ இருந்தா, ஒரு ரிக்கக் கூப்புட்டா ஒரே நாள்ல வேல முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு ஊரு பூராப் பணம் கேக்கறான்? திருட்டுப்பய! பழசையே வாங்கச் சொல்லி எளுது" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. "நீ இல்லீன்னா ஏமாந்திருப்பேன் சாமி. இனி இந்த இங்கிலீசுக் காயிதமெல்லாம் படிச்சுச் சொல்ல ஊட்டுல ஆளு வேணும். ஆஸ்டலெல்லாம் வேண்டாம்."

ஆகவே சித்தப்பா, இதை அடுப்பில் போடாதீர்கள். அடுத்த பஸ்ஸிலேயே வந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் இங்கிலீஷ் படித்த லட்சணம் தெரிந்தால், என்னை வீட்டில் வைத்துப் பயனில்லை என்று அவருக்கே புரியும். வளர்ச்சியை நம்பாதே என்று எழுதிய இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். இன்றைய கணக்கில் என் நியாயமான விலை முப்பத்தெட்டுத்தான். ஆனால் நான் வளர்வேன் என்று சொல்லுங்கள்.