அடுத்த பில்லில் கழித்துக்கொள்பவர்

‘இல்லை’ என்று வாய் திறந்து சொல்லாதவர்கள் ஒரு ரகம். ‘இந்தாருங்கள்’ என்று கை நீட்டிக் கொடுக்காதவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகமும் ஒரே சட்டைக்குள் குடித்தனம் நடத்தும் மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவரைக் கழித்துக்கொள்பவர் என்று அழைக்கலாம். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், சிரிப்பார், தோளில் தட்டுவார். எல்லாம் முடிந்து நீங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரியும். அப்படியும் அவர் மேல் கோபம் வராது. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவில் எங்கள் சான் தெலோரோ மாவட்டத்துக்கு வர வேண்டும். சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் விமானப் பிரிவுக்குத் தலைவர், வெர்னன் ஹாலக். விமானத்துக்குச் சொத்து வரியா என்று மூக்கில் விரல் வைக்காதீர்கள். வீட்டுக்கு உண்டு, தோட்டத்துக்கு உண்டு, விமானம் மட்டும் என்ன மாப்பிள்ளையா? என்ன, வீடு போட்ட இடத்தில் கிடக்கும். விமானம் காலையில் இங்கே, மத்தியானம் இன்னொரு மாநிலத்தில். ஆகவே ஜனவரியில் ஒரு வாரத்தைக் குறித்துக்கொண்டு, எந்த விமானம் எங்கள் தரையில் எத்தனை நிமிடம் நின்றது என்று எண்ணி, அதற்குத் தகுந்தபடி வரி போடுவார்கள். மற்றவர்கள் விமானம் பறப்பதை அண்ணாந்து பார்ப்பார்கள். வெர்னன் அது நிற்பதைப் பார்த்துப் பூரிப்பார்.

ஒரு விமான நிறுவனம் வழக்குப் போட்டது. எங்கள் ஓட்டை விமானங்களுக்குப் புது விமானத்தின் மதிப்பைப் போட்டுவிட்டீர்கள், அவை உங்கள் தரையில் நிற்பதும் இல்லை, நாலு வருடமாகக் கூடுதலாக வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. திருப்பிக் கொடுப்பதாவது! அது பள்ளிக்கூடக் கூரையாகவும் தீயணைப்பு வண்டியாகவும் மாறி வெகுநாள் ஆயிற்று. மாவட்டமே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வெர்னன் தொண்டையைக் கனைத்தார். பணமாக ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கட்டும். இனி வரும் பத்து வருட வரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளட்டும்.

“பத்து வருஷமா? அதுக்குள்ள நான் ரிடையராகி மீன் பிடிக்கப் போயிடுவேனே சார்!” என்றார் நிறுவனத்தின் வக்கீல் ஆஸ்ட்ராண்டர் அம்மாள்.

“கவலையே படாதீங்க மேடம். உங்க நாற்காலியில யார் உக்காந்தாலும் செல்லும்.”

அம்மாள் சிரித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஜெயித்ததாக இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டன. நியாயமாகச் சொன்னால் நல்ல ஏற்பாடுதான். அலுவலகத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வெர்னன் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடத்துக்குக் கடற்கரை விடுதியில் அறை போட்டிருந்தார் மனைவி லொரெய்ன். விசாரணை குறுக்கே வந்தது. “அடுத்த வருஷம் ரெண்டு நாள் சேத்துப் போயிடலாம்.” மகள் ஹைடியின் வாலிபால் இறுதிப் போட்டி? “அடுத்ததுக்கு முதல் வரிசையில உக்காருவேன் பாரு.” சங்கிலியைக் கவ்விக்கொண்டு வாசலில் நின்ற நாயிடம்கூட, “இன்னிக்கு வேணாம்டா, நாளைக்கு ரெண்டு சுத்து” என்றார். நாய் ஒப்புக்கொண்டதா என்று தெரியவில்லை. அதற்கு வக்கீல் கிடையாது.

இப்படியிருக்க, ஹைடிக்கு அலாஸ்காவில் வேலை கிடைத்தது. சால்மன் மீன் ஆராய்ச்சி. அங்கேயே வீடும் பார்த்தாகிவிட்டது. புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு விமானம். அதே காலை ஒன்பது மணிக்கு, வழக்குப் போட்ட நிறுவனத்தோடு வெர்னனின் ஒப்பந்தம் கையெழுத்து.

“அப்பா, வர முடியாதுன்னா சொல்லிடு. நான் தாங்கிக்குவேன். வரேன்னு சொல்லிட்டு வராம மட்டும் இருக்காதே” என்றாள் ஹைடி.

“நேர்ல வரேன். சத்தியம்!”

கையெழுத்தானது. கேக் வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள், ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொன்று எடுத்தார்கள். வெர்னன் விமான நிலையத்துக்குள் மூச்சிரைக்க ஓடியபோது மணி பத்து இருபத்தைந்து. ஆனால் வெளியே பனிமூட்டம். விமானம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இது நடந்த காலத்தில் வழியனுப்ப வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் விமானக் கதவு வரை போகலாம்.

“அப்பா! வந்துட்டியா!” ஹைடி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “பதினொண்ணு அஞ்சுக்குத்தான் கெளம்புமாம். நாப்பது நிமிஷம் இருக்கு!”

கழித்துக்கொள்ளும் பேச்சே இல்லாமல் கடவுள் நாற்பது நிமிடத்தை ரொக்கமாகக் கையில் வைத்தார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வெர்னன் ஜன்னலைப் பார்த்தார். அது ஜனவரி. எண்ணும் வாரம். விமானத்தின் வாலில் இருந்தது அதே நிறுவனத்தின் சின்னம்.

“இது எப்ப வந்து எறங்குச்சு?”

“ஒம்பது இருபத்தஞ்சுக்கு. ஏன்ப்பா?”

“அப்ப நூறு நிமிஷம்! சுளையா நூறு! எங்க விமானம் இங்க நிக்கிறதே இல்லைன்னு சாதிச்சாங்களே, பாரு எப்படி நிக்குது! ஒரு நிமிஷம் இரு, எழுதி வாங்கிட்டு வந்துடறேன்.”

கவுண்டரில் இருந்த பெண் நேரத்தை எழுதித் தர அதிகாரமில்லை என்றாள். மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்தார், நிதானமாகவே வந்தார். பனிமூட்டத்தில் நிற்பது நிற்பதா, காத்திருப்பதா என்று ஒரு தர்க்கம் நடந்தது. வெர்னன் ஜெயித்தார். காகிதத்தை ஆட்டிக்கொண்டு திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. லொரெய்ன் மட்டும் நின்றிருந்தார்.

“ஏறிட்டாளா?”

“ஏறிட்டா. கவுண்டர் பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்துட்டே.”

“அடடா! சரி விடு, கிறிஸ்துமஸுக்கு வருவால்ல, ஒரு வாரம் லீவு போட்டுட்டு…”

“வர மாட்டாளாம். அங்கேயே இருந்துக்கறேன்னு இப்பதான் சொன்னா. வெர்னன், அந்த ஒப்பந்தத்தை எங்கிட்ட மூணு தடவை வாசிச்சுக் காட்டினியே, ஆறாவது ஷரத்து என்ன?”

வெர்னனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. “அவங்க விமானம் இந்த மாவட்டத்துல வந்து எறங்குற வரைக்கும்தான் கழிச்சுக்க முடியும். போக்குவரத்தை நிறுத்திட்டாங்கன்னா, மிச்சமிருக்கறது அத்தனையும் செல்லாம…”

பாதியில் நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே விமானம் மெல்லப் பின்வாங்கிப் பனிக்குள் போயிற்று. எத்தனை மணிக்கு என்று அவர் பார்க்கவில்லை.

பாவம், வெர்னனைத் திட்டி என்ன பயன்? நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். விமானத்துக்கு வரி போடுபவரும் இல்லை. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ உங்களிடம் என்னவோ கேட்டார்களே, நீங்களும் தலையைத் தூக்காமல் “இதோ, முடிச்சுட்டு வரேன்” என்றீர்களே, அவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்களா?